ஸ்பாவுக்கு முதல் தடவை போகிறீர்களா? திரும்பி வரும் உடையிலிருந்து தொடங்குங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ரிசார்ட்டுகளில் ஆயுர்வேத மசாஜ், நீராவிக் குளியல் எல்லாம் வந்துவிட்டன. எண்ணெய்க் குளியல் நமக்கு ஒன்றும் புதிதல்ல. வெள்ளிக்கிழமை பெண்களுக்கு, சனிக்கிழமை ஆண்களுக்கு என்று வாரம் தவறாமல் நல்லெண்ணெய் காய்ச்சிய வீடுகள்தான் நம்முடையவை. வீட்டில் என்றால் தேய்த்துக் குளித்துவிட்டு, ஒரு பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு கொல்லையில் தலை காயவைப்போம். ஸ்பாவிலிருந்து அப்படியே பஸ் ஏற வேண்டும். உடை விஷயத்தில் சிக்கல் வருவது அங்கேதான்.

நான் முதல் தடவை லெகிங்ஸும் முழுக்கை குர்தியும் போட்டுக்கொண்டு போனேன். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு மணி நேர மசாஜ் முடிந்து, குளித்து, துவட்டிவிட்டு லெகிங்ஸைப் போட்டால் முழங்காலுக்கு மேல் ஏறவே இல்லை. நல்லெண்ணெய் ஒரு குளியலில் முழுக்கப் போகாது, தோலில் மெல்லிசாகத் தங்கிவிடும். அந்தப் பிசுக்கும் ஈரமும் சேர்ந்து துணியைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. பஞ்சு மாதிரி இருந்த உடம்பு அந்த இழுபறியில் மறுபடி வியர்த்து இறுகிப்போனது. அன்றிலிருந்து ஸ்பாவுக்கு உடை எடுக்கும்போது, திரும்பி வரும் நேரத்தை நினைத்துத்தான் எடுக்கிறேன்.

1. முதலில் ஒரு போன்

என்ன சிகிச்சை, உடை அவர்களே தருவார்களா, செய்பவர் ஆணா பெண்ணா, முடிந்ததும் குளிக்க வசதி உண்டா. இந்த நான்கையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, தினமும் கேட்கப்படும் கேள்விகள்தான்.

எண்ணெய் மசாஜ் என்றால் பெரும்பாலும் ஒரு தடவை போட்டுவிட்டு எறிகிற உள்ளாடை கொடுப்பார்கள். ஆயுர்வேத இடங்களில் ஆண்களுக்குக் கோமணம் போலக் கட்டிக்கொள்ளத் துணி தருவதுண்டு. மேலே ஒரு துண்டோ விரிப்போ போர்த்தி, தேய்க்கிற இடத்தை மட்டும் விலக்குவது நல்ல இடங்களின் வழக்கம். தாய்லாந்து மசாஜுக்கு வழக்கமாக எண்ணெய் கிடையாது. தரையில் விரித்த மெத்தையில், தொளதொளப்பான சட்டை பேண்டோடு படுத்தால் போதும். பாத மசாஜுக்கு முழங்கால் வரை சுருட்ட முடிகிற எதுவும் சரி. வேட்டி, கைலி, பலாஸோ எல்லாம் ஆகும். ஒட்டிப்பிடிக்கும் ஜீன்ஸ் ஆகாது.

எதைக் கழற்றுவது, எதைக் கழற்றாமல் இருப்பது என்பது முழுக்க உங்கள் முடிவு. என் அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது, சேலை தவிர வேறு கட்டியதில்லை. அவரை அழைத்துப் போனபோது, மசாஜ் செய்யும் பெண்ணிடம், "ஏம்மா, பாவாடையை மாருக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டுப் படுக்கலாமா?" என்று கேட்டார். "தாராளமா படுங்கம்மா. எங்க வேணாம்னு சொல்றீங்களோ அங்க கை வைக்க மாட்டேன்" என்றது அந்தப் பெண். அதைக் கேட்ட பிறகுதான் அத்தையின் முகம் தெளிந்தது. சின்ன வயதிலிருந்து அரசலாற்றுப் படித்துறையில் அவர் குளித்த கட்டு அது. உடம்புக்குப் பழகிய உடையில் இருந்தால்தான் உடம்பு தளரும்.

2. துணி

பருத்திதான். காரணம் சொல்கிறேன். சாதாரணக் காற்று ஈரத்தில் 100 கிராம் பருத்தி ஏறக்குறைய 8.5 கிராம் ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் வாங்குவது 0.4 கிராம்தான். நீராவிக் குளியல் முடிந்து வெளியே வந்தும் கொஞ்ச நேரம் வியர்த்துக்கொண்டே இருக்கும். கத்திரி வெயிலில் அந்த வியர்வையை பாலியெஸ்டர் உறிஞ்சாது, முதுகிலேயே நிற்கும்.

புதுத் துணி வேண்டாம். கஞ்சியின் மொடமொடப்பு, தேய்த்துச் சிவந்த தோலில் உறுத்தும். பத்துப் பதினைந்து தடவை துவைத்து நைந்த பருத்தி இருக்கிறதே, அதை எடுங்கள். நிறம் அடர்த்தியாகவோ பூப்போட்டதாகவோ இருக்கட்டும். மூலிகைத் தைலம் வெளிர் துணியில் பழுப்புக் கறையாக நிற்கும். திருபுவனம் பட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

3. இடுப்பும் கழுத்தும்

இந்த இரண்டு இடங்களைத்தான் நான் கவனித்துப் பார்ப்பேன்.

சேலை கட்டுகிறவர்கள் தங்கள் இடுப்பை ஒரு தடவை பார்த்தால் தெரியும். பாவாடை நாடா வருஷக்கணக்காக ஒரே இடத்தில் அழுத்தி, கயிறு கட்டியது போலக் கறுத்த தடம் விழுந்திருக்கும். நீராவியில் ஊறிய தோல் மெதுமெதுவென்று ஆகியிருக்கும். அதே தடத்தில் அதே நாடாவை இறுக்கினால் அரை மணியில் அரிக்கத் தொடங்கும். அத்தைக்கு நான் செய்து கொடுத்தது எளிய வேலை. மெல்லிய நாடாவை உருவிவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்குப் பருத்திப் பட்டை தைத்துக் கோத்தேன். கட்டும்போது தடத்துக்கு ஒரு விரல் கீழே இறக்கிக் கட்டச் சொன்னேன். சுடிதார் போடுகிறவர்களும் எலாஸ்டிக்கைத் தவிர்த்துவிட்டு, தளர்த்திக்கொள்ள முடிகிற பேண்ட்டாக எடுங்கள்.

அப்புறம் கழுத்து. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால், தலை வழியாக மாட்டும் எந்த உடையும் எண்ணெயை வழித்துக்கொண்டுதான் இறங்கும். முன்பக்கம் பொத்தான் வைத்த குர்தி, முன்னால் முழுக்கத் திறக்கும் சட்டை, இவை நல்லது.

ஆண்களுக்கு வேட்டியைவிடப் பொருத்தமான உடை எனக்குத் தோன்றவில்லை. இடுப்பில் கட்டத் தயங்குகிறவர்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி இருக்கிறது. கூடவே ஓர் அரைக்கைச் சட்டை.

4. பையில்

மாற்று உள்ளாடை ஒரு ஜோடி. ஓர் ஈரிழைத் துண்டு: தேங்காய்ப்பூ துண்டைவிட மெல்லியது, சீக்கிரம் காயும், தலையில் சுற்றினாலும் கனக்காது. மழையில்லாத காலத்திலும் ஒரு பருத்திச் சால்வை வையுங்கள். ஏசி அறையில் எண்ணெய்க் குளிர்ச்சியோடு படுத்திருக்கும்போது பாதம் சில்லிட்டுப் போகும், வரும் வழியில் பஸ் ஜன்னல் காற்றுக்கும் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் உடை இன்னொரு செட்டு. காலுக்குப் பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு. எண்ணெய்க் காலோடு குளியலறை டைல்ஸில் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

5. நகை

வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது உத்தமம். நீராவியில் உலோகம் சூடேறும், கல் பதித்ததில் எண்ணெய் உள்ளே இறங்கி மங்கும். தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் அதை ஒதுக்கிவிட்டுத் தேய்ப்பார்கள். மஞ்சள் கயிறு எண்ணெயைக் குடித்துவிடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் சீயக்காய் போட்டு அலசுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதையும் எடுத்துவிட்டே நீராவிக்குப் போகவேண்டும்.

6. வீட்டுக்கு வந்ததும்

எண்ணெய் பட்ட துண்டையும் துணியையும் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, வெயிலில் நிற்கும் காரிலோ அழுக்குக் கூடையிலோ போட்டு வைக்காதீர்கள். துணியில் ஊறிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல வெப்பத்தை வெளிவிடும். குவியலுக்குள் அந்த வெப்பம் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சரியாக எண்ணெய் போகாத மசாஜ் துண்டுகள், உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்து அடுக்கிய பிறகு தானாகத் தீப்பிடித்ததுண்டு. வந்ததும் பிரித்துப் போட்டுவிடுங்கள்.

கறை மேல் கடலை மாவைத் தூவி அரை மணி நேரம் விட்டு உதறுங்கள். பிறகு பாத்திரம் விளக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, துணி தாங்கும் சூட்டு வெந்நீரில் மற்ற துணிகளோடு சேர்க்காமல் ஊறவையுங்கள். எண்ணெய் வாசம் போனதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடியில் போட வேண்டும். வாசம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடும். அத்தையின் பாவாடைக்கு இரண்டு தடவை அலச வேண்டியிருந்தது. பட்டை தைத்த இடத்தில் மட்டும் மூன்றாவது தடவை.