வீட்டிலேயே பைக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் முறை

வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, சில வாரங்கள் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியின் கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்), அதன் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பிசுக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அது முதலில் அடைப்பது மிக நுண்ணிய துளை வழியே பெட்ரோலை விடும் பைலட் ஜெட் என்ற சிறு குழலை. சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்ததும் அணைந்துபோகும் வண்டிகள் பலவற்றில் கோளாறு இதுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வெளியான பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது. ஆகவே இந்த விளக்கம் அதற்கு முந்தைய 100 சி.சி. வண்டிகளுக்கானது.

வெயில் ஏறுவதற்குள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காற்றோட்டமான நிழலில் வேலையைத் தொடங்குங்கள். அருகில் அடுப்போ கொசுவர்த்திச் சுருளோ எரியக் கூடாது. டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் வால்வை (‘காக்’) மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, மீதமுள்ள பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பாட்டிலின் அடியில் தனியாக உருண்டு நிற்கும் நீர்த்துளிகள் தெரிந்தால் டேங்கையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து பெட்ரோல் ட்யூபை உருவிவிட்டு, ஏர் ஃபில்டர் பக்கத்து கிளாம்பைத் தளர்த்தி, எஞ்சின் பக்கத்து இரண்டு நட்டுகளைப் பத்தாம் நம்பர் ஸ்பானரால் கழற்றுங்கள். கார்புரேட்டரைச் சற்றே சாய்த்து, அதன் தலைமூடியைக் கையாலேயே திருகினால், ஆக்ஸிலேட்டர் கேபிளோடு சுருள்வில்லும், உருளை வடிவ ஸ்லைடும், அதன் நுனியில் நீண்ட ஊசியும் சேர்ந்து மேலே வரும். அந்த ஊசி சிறிது வளைந்தாலும் வண்டி பழைய மைலேஜைத் தராது என்பதால், அதைத் துணியில் சுற்றி ஹேண்டில்பாரில் கட்டிவையுங்கள். எஞ்சின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்; பாலாற்று மணல் தூசியில் ஒரு துகள் உள்ளே போனாலும் சிலிண்டர் கீறும்.

கிண்ணத்தைத் திறந்து, ஃப்ளோட்டின் (மிதவையின்) ஊசியைப் பத்திரப்படுத்தி, சரியான அகலமுள்ள திருப்புளியால் ஜெட்டுகளைக் கழற்றுங்கள். அவை பித்தளை என்பதால் அவசரப்பட்டால் காடி மழுங்கிவிடும். கார்புரேட்டர் கிளீனரை அடித்து ஊற வைத்து, ஒற்றைச் செம்பு இழையால் துளையைத் தள்ளி, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். இரும்புக் கம்பியோ ஊசியோ வேண்டவே வேண்டாம்: துளை பெரிதானால் ஜெட்டையே மாற்ற நேரிடும். ரப்பர் வளையங்களில் கிளீனர் படக் கூடாது.

மாட்டும்போது ஸ்லைடின் நீண்ட பள்ளம் உள்ளிருக்கும் முனையில் பொருந்தியபடி இறங்க வேண்டும். தடுத்தால் அழுத்தாமல் மெல்லத் திருப்பிப் பொருத்துங்கள். பிறகு ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் 'டக்'கென்று திரும்புகிறதா என்று பார்த்த பின்பே பெட்ரோல் வால்வைத் திறவுங்கள். கிண்ணத்தின் அடியிலுள்ள குழாயில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் ஊசி சரியாக அமரவில்லை என்று பொருள். கிண்ணத்தைத் திருப்புளிப் பிடியால் லேசாகத் தட்டியும் நிற்காவிட்டால் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். சொட்டு நின்றால் வண்டியை எடுத்து, எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங் திருகைச் (நிற்கும் வண்டியில் எஞ்சின் ஓடும் வேகத்தை அமைக்கும் திருகு) சரிசெய்யுங்கள்.