ஹால் போட்டோவில் கண்ணாடிக்குள் பால்கனி விழாமல் எடுப்பது எப்படி?

தஞ்சாவூர் ஓவியம் மாட்டிய ஹாலைப் படம் எடுத்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்: கிருஷ்ணர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பால்கனிக் கதவும், அங்கே காயும் துண்டும் தெரியும். ஷோகேஸ் கண்ணாடியில் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும். டிவிக்குள் ட்ரைபாடோடு நீங்களே நிற்பீர்கள். வீட்டை வாடகைக்கு விடப் படம் எடுப்பவருக்கும் சரி, இன்டீரியர் வேலையைக் காட்ட எடுப்பவருக்கும் சரி, இது தினப்படித் தலைவலி.

மேனுவல் மோடு, ரா ஃபைல் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் எடுப்பவர்களுக்குக் கடைசியில் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் விளக்கை அணையுங்கள்

நம் ஹால்களில் டியூப்லைட் 6500 கெல்வின் வெள்ளை, ஃபால்ஸ் சீலிங்கில் ஒளிந்திருப்பது 3000 கெல்வின் மஞ்சள், ஜன்னல் வெளிச்சம் மூன்றாவது ரகம். மூன்றும் கலந்தால் ஒரு சுவர் நீலமாகவும் எதிர்ச்சுவர் மஞ்சளாகவும் வரும். எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யாது. அதனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள். சீலிங் விளக்கைத்தான் காட்ட வேண்டுமென்றால் சாயங்காலம் அதற்கென்று தனியாக ஒரு படம் எடுக்கலாம். அப்போது ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான எல்இடிகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகமான ஷட்டரில் அது படத்தில் பட்டை பட்டையாக விழும்.

ஜன்னல் வழியாக நேர் வெயில் விழுந்தால் கம்பியில் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள். காசு கொடுத்து வாங்கும் டிஃப்யூசர் துணிகளைவிட எனக்கு இதுவே பிடிக்கும். கிழக்குப் பார்த்த ஹால் என்றால் மதியத்துக்கு மேல் போனால் இந்த வேலையே இல்லை.

கேமரா ட்ரைபாடில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், மேலும் கீழும் சாயாமல் இருக்கட்டும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, இரண்டு நொடி டைமர். ஷட்டர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் கவலை இல்லை.

கண்ணாடி எதைப் பார்க்கிறது?

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேராக விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீதம், இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம் அளவுக்குத்தான் திருப்பி அனுப்பும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பால்கனி வெளிச்சம் உள்சுவரில் இருக்கும் ஓவியத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அந்த 8 சதவீதமே ஓவியத்தை அமுக்கிவிடுகிறது. ஆகவே கண்ணாடியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. அது பார்க்கிற இடத்தை இருட்டாக்கினால் போதும்.

அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க, பொட்டு வைக்கப் பயன்படும் சின்ன முகக்கண்ணாடி ஒன்று போதும். கூட இருப்பவரை அதை ஓவியத்தின் கண்ணாடிமேல் தட்டையாக ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் லென்ஸ் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். முகக்கண்ணாடியில் தெரிவதுதான் குற்றவாளி. நாலு மூலையிலும் நகர்த்தச் சொன்னால் எங்கிருந்து எங்குவரை மறைக்க வேண்டும் என்பது துல்லியமாகக் கிடைக்கும்.

இப்போது கேமராவை ஒன்றிரண்டு அடி பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். தீராவிட்டால் ஃபிரேமுக்குப் பின்னால், கீழ்ப்பக்கமோ ஒரு ஓரத்திலோ, ஒரு ரப்பர் துண்டைச் செருகுங்கள். கண்ணாடி 3 பாகை திரும்பினால் பிரதிபலிப்பு 6 பாகை திரும்பும். நாலு மீட்டர் தொலைவில் அது 40 சென்டிமீட்டருக்கு மேல். ஃபிரேம் கோணலாகத் தொங்குவது படத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது.

அதுவும் போதவில்லை என்றால் கருப்புத் துணி. சபரிமலைக்கு மாலை போட்டபோது வாங்கிய கருப்பு வேட்டி எந்த வீட்டிலாவது இருக்கும். காட்டன் நல்லது, வெல்வெட் அதைவிட நல்லது. மினுமினுக்கும் பாலியெஸ்டர் வேண்டாம். அதைத் துணி காயவைக்கும் ஸ்டாண்டில் போட்டு, முகக்கண்ணாடி காட்டிய இடத்தில் நிறுத்துங்கள்.

ஆனால் துணி ஹாலுக்கு வரும் வெளிச்சத்தையும் சேர்த்து மறைத்துவிடுமே? அதனால்தான் இரண்டு படம். துணி இல்லாமல் ஹாலுக்கு ஒன்று. துணியோடு, ஷட்டரை இன்னும் மெதுவாக்கி, கண்ணாடிக்கு ஒன்று. இடையில் கேமரா ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. ஜிம்ப் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் துணி வைத்த படத்தை மேல் லேயராகப் போட்டு, கருப்பு லேயர் மாஸ்க் சேர்த்து, ஓவியம் இருக்கும் சதுரத்தில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் தேயுங்கள். தேக்கு ஃபிரேமே எல்லைக்கோடாக இருப்பதால் ஒட்டு தெரியாது. இதற்கு ஃபோட்டோஷாப் சந்தா கட்டுவது வீண்செலவு என்பது என் கட்சி.

தஞ்சாவூர் ஓவியத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சுற்றிலும் இருட்டாக்கினால் தங்க ரேக்கு செத்துப்போய்ப் பழுப்பாக வரும். மேடான அந்த வேலைப்பாட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒரு வெளிச்சம் விழ வேண்டும். ஆகவே முகக்கண்ணாடியில் தெரிந்த பகுதியை மட்டும் மறையுங்கள், பக்கத்து ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

ஷோகேஸில் பள்ளத்தில் ஓடும் கண்ணாடி என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். மேலே தூக்கிக் கீழ்ப்பக்கத்தை வெளியே இழுத்தால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். துண்டு சுற்றிக் கட்டிலில் படுக்க வையுங்கள்.

சாமி படத்துக்கு மேல் எரியும் சின்னச் சிவப்பு பல்பை அணைக்குமுன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மாலை போட்ட தாத்தா படத்தைக் கழற்றச் சொல்வதும் அப்படித்தான்.

சிபிஎல் ஃபில்டர் வாங்கலாமா?

சிபிஎல் என்பது லென்ஸ் முன்னால் மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசிங் ஃபில்டர். அதைக் கடைசியாக வாங்கலாம். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் இந்த ஃபில்டர் ஒன்றும் செய்யாது. கண்ணாடித் தளத்திலிருந்து சுமார் 34 பாகை சாய்வில் நின்றால்தான் முழுப் பலன். முகம் பார்க்கும் கண்ணாடியில் எந்தக் கோணத்திலும் பலிக்காது. வெளிச்சத்தில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறையும், ட்ரைபாடில் அது பொருட்டில்லை.

இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று: தரை டைல்ஸின் பளபளப்பு போகும் மாதிரி வளையத்தைத் திருப்பினால் பக்கச்சுவர் கண்ணாடியின் பளபளப்பு அப்படியே நிற்கும். ஒன்றின் ஒளி கிடைமட்டமாகவும் மற்றதன் ஒளி செங்குத்தாகவும் முனைப்பட்டிருப்பதுதான் (அதாவது, ஒரே திசையில் அதிர்வதுதான்) காரணம். வளையத்தை 90 பாகை திருப்பி இன்னொரு படம் எடுத்து, முன்சொன்ன லேயர் மாஸ்க்கில் சேருங்கள். தரையின் பளபளப்பை முழுக்க எடுத்துவிடவும் வேண்டாம். விட்ரிஃபைடு டைல்ஸ் சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும். பாதியில் நிறுத்துங்கள்.

வாங்குவதானால் உங்களிடம் இருக்கும் பெரிய லென்ஸின் அளவுக்கு ஒன்றே வாங்கி, மற்றவற்றுக்கு, சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தவை

ஃபில்டர் போட்டதும் ஓடிக்கொண்டிருந்த டிவி கருப்பாகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். டிவி கெட்டுப்போகவில்லை. எல்சிடி திரையின் ஒளியே முனைப்பட்ட ஒளி என்பதால் ஃபில்டர் அதை அடைத்துவிடுகிறது. டிவிக்கு மட்டும் ஃபில்டரைக் கழற்றி ஒரு படம் எடுத்துச் சேருங்கள்.

பால்கனிக் கண்ணாடித் தடுப்பில் வானவில் மாதிரித் திட்டுகள் வருகின்றன என்று இன்னொருவர். அது டஃபன்டு கண்ணாடி. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துச் செய்வதால் உள்ளே தங்கும் இறுக்கம் ஃபில்டர் வழியாக நிறமாகத் தெரியும். அங்கேயும் ஃபில்டரைக் கழற்றுவதே வழி.

போன்காரர்களுக்கு: போலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸ் முன்னால் பிடித்தால் சிபிஎல் வேலையைச் செய்யும். சாலைப் பளபளப்பைத் தடுக்கச் செய்தது என்பதால், சாதாரணமாக மாட்டுகிற வாக்கில் பிடித்தால் தரைக்குத்தான் உதவும். பக்கச்சுவர் ஃபிரேமுக்குக் குத்தாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். துணி வைத்தும் வைக்காமலும் இரண்டு படம் எடுக்கும்போது திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கருப்பு வேட்டியைப் பார்த்ததும் போன் தானாக வெளிச்சத்தை ஏற்றிவிடும், இரண்டையும் ஒட்டும்போது சுவர் நிறம் ஒத்துப்போகாது.