இ-பைக் வாங்கறதுக்கு முன்னாடி: சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க மாட்டிக்கிற இடங்கள்

போன மாசம் என் சித்தி பையன் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பி, "அண்ணே, செகண்ட் ஹேண்ட் இ-பைக், சும்மா பறக்குது, வாங்கட்டுமா"ன்னு கேட்டான். பெருசாக்கிப் பாத்தேன். ஹேண்டில்ல கட்டை விரலுக்கு ஒரு குட்டி லீவர், சீட்டுக்குப் பின்னால கருப்புப் பைக்குள்ள இன்னொரு பேட்டரி, வயர டேப் போட்டு சுத்தி வச்சிருந்தாங்க. வேணாம்டான்னேன். ஏன்னு கேட்டான், அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல் தப்பே அந்த லீவர்தான். அழுத்தினா தானா ஓடுற த்ராட்டில் இருந்தா இங்க அது இ-பைக் கணக்குல வராது, பெடல் மிதிச்சா மட்டும்தான் மோட்டார் கை கொடுக்கணும், 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் அந்த உதவி நின்னுடணும். மோட்டார் 250 வாட்ஸ், எடை 20 கிலோ, ரெண்டும் தாண்டக் கூடாது. எடையிலதான் நெறய பேர் கோட்டை விடுறாங்க, கடையில வாங்கும்போது எல்லாம் சரியாத்தான் இருக்கும், அப்புறம் டெலிவரிக்கு சார்ஜ் பத்தலன்னு கூட ஒரு பேட்டரி மாட்டுவாங்க, முன்னால கூடை, பின்னால கேரியர்னு சேந்துக்கிட்டே போகும்.

"அதான் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஆரஞ்சு சீல் ஒட்டியிருக்கே, நம்பர் பிளேட்டும் இருக்கே"ன்னு சொல்லுவாங்க. அந்த சீல் பைக் அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அதுக்குக் கொடுத்தது. நீங்க மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்தற கன்ட்ரோலர மாத்தி ஸ்பீட ஏத்தினப்புறம் சீல் இருந்து என்ன பிரயோஜனம்? ஆன்லைன்ல வெளிநாட்டுல இருந்து 500 வாட்ஸ் பைக்க மலிவா வரவழைக்கிறவங்களும் இப்படித்தான், அத இங்க இ-பைக்கா ரிஜிஸ்டர் பண்ணவே முடியாது. பவர் வேணும்னா எலெக்ட்ரிக் மோட்டார்சைக்கிள்தான், அதுக்கு சிஓஇ (வண்டி வச்சுக்க ஏலத்துல எடுக்கற உரிமைச் சான்றிதழ்), இன்சூரன்ஸ், சின்ன மோட்டார்சைக்கிளுக்கான 2பி லைசென்ஸ்னு முழு செலவும் உண்டு, நடுவுல வேற வழி கிடையாது.

செகண்ட் ஹேண்ட்ல இன்னொரு சிக்கல், பைக் உங்க கையில, ரிஜிஸ்ட்ரேஷன் பழைய ஆள் பேர்ல. பேர் மாத்தாம காச கொடுக்காதீங்க.

டெஸ்ட் விஷயமும் பல பேருக்குத் தெரியல. 2022 ஜனவரி 1ல இருந்து தியரி டெஸ்ட் பாஸ் பண்ணியிருக்கணும், வயசு 16 ஆகியிருக்கணும். டெஸ்ட்ட தமிழ்லயே எழுதலாம், இங்கிலீஷ் வராதுன்னு ஒதுங்க வேண்டியதில்ல.

எங்க ஓட்டுறதுங்கறதுலதான் பெரிய குழப்பம், ஏன்னா இ-ஸ்கூட்டர் ரூல் வேற, இ-பைக் ரூல் வேற, மக்கள் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. இ-ஸ்கூட்டர் ரோட்டுல போகவே கூடாது. இ-பைக் ரோட்டுல போகலாம், சைக்கிள் பாதையில, பூங்காக்கள இணைக்கிற பார்க் கனெக்டர் பாதையில போகலாம், ஆனா ஃபுட்பாத்துல கூடாது, எக்ஸ்பிரஸ்வேயிலயும் கூடாது. ரோட்டுல போனா ஹெல்மெட் கட்டாயம். "பிளாக்குக்குக் கீழ இருக்கற காபிகடை வரைக்கும்தானே"ன்னு ஃபுட்பாத்துல விடுவோம் பாருங்க, அதுவும் தப்புதான், இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. எனக்கும் அது எரிச்சல்தான், ஆனா எதிர்ல வாக்கர் புடிச்சிட்டு வர பாட்டிக்கு நம்ம அவசரம் எப்படித் தெரியும்?

அப்புறம் சார்ஜ். ராத்திரி வாசக் கதவுப் பக்கத்துல சொருகிட்டுத் தூங்கிடறோம், பேட்டரி பத்திக்கிட்டா வெளிய ஓடற வழியே அதுதான். பைக்கோட வந்த சார்ஜர விட்டுட்டு வேற எதையாவது மாட்டறதும் வேணாம்.

தம்பி கடைசியா பைக்க விக்கிற ஆள்கிட்ட "எடை எவ்ளோ"ன்னு கேட்டிருக்கான். "லீவர வேணா கழட்டித் தரேன், 50 வெள்ளி குறைச்சுக்கறேன்"னு பதில் வந்துச்சாம். எடையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஊருக்குப் போறப்ப பெட்டிய எடை போடற தராச எடுத்துக்கிட்டு நேர்ல வரேன்னு இவன் சொல்லியிருக்கான், அதோட அந்த ஆள் இவன் நம்பர பிளாக் பண்ணிட்டாராம்.