"நாற்பது வராது" என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள்

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்கு முதல்முறை போகிறவர்களுக்குத் துணையாகப் போவது எனக்குப் பழகிவிட்டது. போன மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவரோடு போனேன். அவர் கணவருக்கு வலது கை சரியாக விளங்காது. உள்ளே போன ஐந்தாவது நிமிடம் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். "நாற்பது வராதாம் தம்பி, வா கிளம்பலாம்" என்று அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பாதிப்பு நாற்பது சதவீதத்தைத் தொட்டால்தான் உதவித்தொகை, அதைத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் 2021-இல் நானும் என் தம்பியும் அச்சு அசலாக அப்படித்தான் கிளம்பி வந்தோம்.

போட்டோ எத்தனை, ஆதார் நகல் எத்தனை என்பதெல்லாம் வரிசையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். வருடக்கணக்கில் பணமும் உரிமையும் போகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வாய்வார்த்தையை முடிவு என்று நம்புவது

இதைத்தான் நான் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு ஆறாது.

என் தம்பிக்கு பைக் விபத்தில் முழங்கால் மடங்காமல் போய்விட்டது. சிகிச்சையெல்லாம் முடிந்தபிறகு அரசு மருத்துவமனை ஒன்றில் நடந்த முகாமுக்குக் கூட்டிப் போனேன். எலும்பு மருத்துவர் காலை மடக்கிப் பார்த்தார், அளந்தார், "முப்பதுதான் வரும், நாற்பது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்தவரை வரச் சொல்லுங்கள்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெளியே இருநூறு பேர் நின்றார்கள், அவருக்கும் வேலை முடிய வேண்டும். நாங்கள் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம். கையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, வேறு வேலையாக ஆட்சியர் அலுவலகம் போனபோது, வரிசையில் எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "நிராகரிச்ச கடிதம் எங்கே?" அப்படி ஒரு கடிதம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 படி, விண்ணப்பித்தவருக்குச் சான்று தர வேண்டும், தர முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த முடிவு தப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் 59-வது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் எதை எதிர்த்து மேல்முறையீடு? எழுத்தில் ஒன்றுமே இல்லை என்றால் சட்டத்தின் கண்ணில் உங்களை யாரும் மறுக்கவே இல்லை, நீங்களாகவே வந்தீர்கள், நீங்களாகவே போனீர்கள், அவ்வளவுதான்.

இப்போது இது இன்னும் ஆபத்தாகிவிட்டது. 2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தியபிறகு விண்ணப்பம் யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இணையதளம் வழியாகத்தான். முடிவு சொல்ல முன்பு ஒரு மாதம் இருந்தது, இப்போது மூன்று மாதம். இரண்டு வருடம் முடிவே எடுக்கப்படாமல் கிடந்தால் அந்த விண்ணப்பம் செயலற்றதாகிவிடும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இல்லையென்றால் அவர்களிடமே போய் அதை உயிர்ப்பிக்கக் கேட்க வேண்டும். "முகாமில்தான் சொல்லிவிட்டார்களே" என்று நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், அங்கே விண்ணப்பம் நிலுவையில் கிடந்து மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கும்.

அதனால் முப்பது என்றால் முப்பது என்றே எழுதித் தரச் சொல்லுங்கள். நாற்பதுக்குக் கீழ் இருந்தாலும் சான்று உண்டு; அட்டையில் வெள்ளை நிறம் அதற்காகத்தான் இருக்கிறது (40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்). அதனால் உதவித்தொகை வராது என்பது உண்மை. ஆனால் அது ஒன்றுக்கும் ஆகாத காகிதம் இல்லை. எழுதச் சிரமப்படும் ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், தேர்வில் எழுத உதவியாளர் கேட்க நாற்பது சதவீதம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் விட, எந்த உறுப்பைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்பது அந்தக் காகிதத்தில்தான் தெரியும்.

தர மாட்டேன் என்றால்? சண்டை வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்ப எண், முகாம் தேதி, "என் விண்ணப்பத்தின் மீதான முடிவைக் காரணத்துடன் எழுத்துப்பூர்வமாகத் தரவும்" என்ற ஒரே ஒரு கோரிக்கை. இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்), ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். மேல்முறையீட்டு அதிகாரி யார், எத்தனை நாளுக்குள் மனு போட வேண்டும் என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

அக்காவையும் அவர் கணவரையும் அன்றைக்கு அங்கேயே உட்காரவைத்து மருத்துவமனை வாசல் கடையில் தாள் வாங்கி எழுதினோம். முத்திரை விழ மதியம் இரண்டரை மணி ஆனது. கடைசிப் பேருந்தா போய்விடப் போகிறது, உட்காரலாம் என்றேன்.

இருக்கிற குறையில் ஒன்றை மட்டும் காட்டுவது

என் தம்பிக்கு ஒன்பது வயதில் கிட்டிப்புள் பட்டு இடது கண் பார்வை முழுக்கப் போய்விட்டது. வீட்டில் அது பழகிப்போன விஷயம், யாரும் அதைக் குறையாகவே நினைத்ததில்லை. முகாமில் காலை மட்டும்தான் காட்டினோம். எலும்பு மருத்துவர் எலும்பைத்தான் பார்ப்பார், கண்ணைப் பற்றி நாம் சொன்னால்தான் தெரியும்.

ஒரு கண் நன்றாக இருந்து மற்றொன்றில் வெளிச்சமே தெரியாவிட்டால் மதிப்பீட்டு அட்டவணையில் அதற்கு 30. காலுக்கு 30. இரண்டையும் சேர்த்து 60 என்று நினைத்துவிடாதீர்கள், அப்படிக் கூட்ட மாட்டார்கள். 90-இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, அதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். 90-இல் 30 போனால் 60, அதை 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 20, அதோடு 30 சேர்ந்து 50. தனித்தனியாக நாற்பதைத் தொடாத இரண்டு பாதிப்பு சேர்ந்து ஐம்பது. இரண்டாம் முறை அவனுக்கு அதுதான் கிடைத்தது. நடுவில் போன இரண்டு வருடப் பணம் போனதுதான், அனுமதி ஆன நாளிலிருந்துதான் கணக்கு.

"அவனே செய்துக்குவான்"

ஒரு அம்மா, இருபத்து மூன்று வயது மகன், மனநோய்க்கு ஏழு வருட மருந்து. மருத்துவர் கேட்கிறார்: குளிப்பது, உடுத்துவது எல்லாம் எப்படி? "எல்லாம் அவனே செய்துக்குவான் டாக்டர்" என்கிறார் அம்மா. சொல்லும்போதே அவர் விரல்கள் மகனுடைய சட்டையின் தப்பாக மாட்டிய பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோலில்தான் மதிப்பெண். தன்னைத் தான் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, இந்த நான்குக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. நோய் எத்தனை வருடம் என்பதற்குத் தனி மதிப்பெண். பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அம்மா மறைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் அங்கே ஒரு பூஜ்யமாக விழுகிறது. பொய் சொல்லச் சொல்லவில்லை. நீங்கள் கூட இல்லாத நாளில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனால் நல்லது, அந்த அறையில் வாய் வராது.

முடியும் தேதியை மறப்பது

தற்காலிகச் சான்று என்றால் காலாவதித் தேதி இருக்கும். மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் போங்கள்.

இடைத்தரகர்

விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

தப்பான கதவைத் தட்டுவது

சான்று வேறு, பணம் வேறு. தமிழ்நாட்டில் பணமும் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது, அதற்குத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்கான 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சதவீதம் குறைவு என்று வட்டாட்சியரிடம் போய் மல்லுக்கட்டினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, அது மருத்துவ மேல்முறையீடு. சதவீதம் சரியாக இருந்தும் ஓய்வூதியம் மறுத்தால், காரணம் பெரும்பாலும் விஏஓ அறிக்கையில் இருக்கும். அந்த அறிக்கையின் நகலைத் தகவல் உரிமையில் வாங்குங்கள். சம்பாதிக்கும் மகன் கூட இருக்கிறான் என்று எழுதியிருப்பார்கள், மகன் தனிக் குடும்ப அட்டையோடு வேறு ஊரில் இருப்பான். அதைக் காட்டி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்து ரசீது எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேல்முறையீட்டில் கஷ்டத்தை மட்டும் எழுதுவது

நான் எழுதிய முதல் மனு நான்கு பக்கம். அப்பா இறந்தது, கடன், தங்கை கல்யாணம் எல்லாம் இருந்தது. தம்பியின் கண்ணைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. படித்த எழுத்தர் நல்ல மனிதர், "தம்பி, இதுல என்ன தப்புன்னு சொல்றீங்க?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இரண்டாவது மனு அரைப் பக்கம். இந்தத் தேதியில் மதிப்பீடு நடந்தது, கால் மட்டும் பார்க்கப்பட்டது, இடது கண் பரிசோதிக்கப்படவில்லை, கண் மருத்துவமனைப் பதிவு நகல் இணைப்பு ஒன்று, இரண்டையும் சேர்த்து மறுமதிப்பீடு செய்யக் கோருகிறேன். மூன்று வாரத்தில் அழைப்பு வந்தது. உங்களுக்கு அப்படி வராமலும் போகலாம், இழுத்தடிக்கலாம். அப்போது சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம், சாட்சியையும் ஆவணத்தையும் வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. புகாரோடு அந்த முத்திரை போட்ட பிரதியின் நகலை வையுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.