வேலி போட்டாச்சு, போர்டு மாட்டியாச்சு, அதோடு முடிந்ததா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் லயத்து வீட்டை விட்டு வெளியே வந்து, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடும் ஊருக்கு வெளியே இரண்டு மூன்று ஏக்கர் செம்பனையும் வாங்கிப் போட்ட குடும்பங்கள் நிறைய. கிராண்ட் (நிலப் பட்டா) கைக்கு வந்ததும் நிலவரி, உரம், பழ விலை எல்லாம் விசாரிப்பார்கள். அந்த நிலத்துக்குள் வந்த ஆளுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பது மட்டும், யாருக்காவது அடிபட்ட பிறகுதான் நினைவுக்கு வரும்.

“திருட்டுத்தனமா உள்ளே வந்தவன்தானே, செத்தா அவன் பாடு” என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. காட்டுப்பன்றி இளங்கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்கிறது என்று சிலர் வீட்டு மின்சாரத்தை அப்படியே வெறும் கம்பியில் விடுகிறார்கள். முழங்காலுக்கும் கீழே, குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டிய கம்பி. இருட்டினால் சுவிட்சைப் போட்டு, விடிந்தால் அணைப்பார்கள். லாலான் புல் வளர்ந்துவிட்டால் பகலிலேயே அது கண்ணுக்குத் தெரியாது. ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறவர், டுரியான் பொறுக்க வரும் பையன், சுவிட்சை அணைக்க மறந்த வீட்டுக்காரர் என்று யார் கால் வேண்டுமானாலும் அதில் படலாம். ஆள் இறந்தால் நஷ்டஈட்டோடு போகாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவின் கீழ் 2 ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. மின்வேலி கட்டாயம் வேண்டுமென்றால் விட்டு விட்டு அதிர்வு தரும் அதற்கான கருவியை வாங்கி, தெரிந்த ஆளை வைத்துப் பொருத்துங்கள். வீட்டு பிளக்கிலிருந்து வயர் இழுப்பதை யாரும் வேலி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. 1828-இல் தீர்ப்பான ஓர் இங்கிலாந்து வழக்கில், ஒருவர் பூத்திருடர்களைப் பிடிக்கத் தன் துலிப் தோட்டத்தில், எச்சரிக்கை எதுவும் வைக்காமல், தானாக வெடிக்கும் துப்பாக்கியைப் பொருத்தினார். அடிபட்டது திருடன் இல்லை. ஓடிப்போன பெண் மயிலைப் பிடிக்கச் சுவரேறிக் குதித்த ஓர் இளைஞன். துப்பாக்கி வைத்தவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது.

இங்கிலாந்துத் தீர்ப்பு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நிலத்துக்குள் வருபவர் பாதுகாப்புக்கென்று மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, தீபகற்பத்தைப் பொறுத்தவரை, அந்த ஆண்டு ஏப்ரல் 7 வரை இங்கிலாந்தில் இருந்த பொதுச் சட்டத்தை, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான சட்டத்தை, இங்கே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 1957-இல், இங்கிலாந்து புதுச் சட்டம் போட்டுப் பழையதை மாற்றிக்கொண்டது. நம்மிடம் பழைய வரிசைதான் தங்கிவிட்டது: காசு கொடுத்து வருபவர், தொழில் காரியமாக வருபவர், சும்மா வந்து போக அனுமதி பெற்றவர், அத்துமீறியவர். வேடிக்கை என்னவென்றால், தீபாவளிக்கு நீங்கள் வருந்தி அழைத்த சம்பந்தி மூன்றாவது வகை. கேஸ் தோம்பு கொண்டுவரும் தம்பி இரண்டாவது. தம்பிக்காக, உங்களுக்குத் தெரிந்த ஆபத்தோடு தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தையும் நீங்கள் கவனித்திருக்க வேண்டும். சம்பந்திக்கு, உங்களுக்குத் தெரிந்த மறைவான ஆபத்தைச் சொன்னால் போதும். ஆக, உடைந்த செப்டிக் டேங்க் மூடியின் மேல் பாய் விரித்து மூடி வைத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தால் இருவரிடமும் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது போர்டு. “அவாஸ் அஞ்சிங்” (நாய் ஜாக்கிரதை) தகடு கேட்டில் தொங்கும். மீட்டரோ நாய்க் கூண்டுக்குப் பின்னால் இருக்கும். மீட்டர் பார்க்க வந்தவர் போர்டைப் படித்துவிட்டு என்ன செய்ய முடியும்? எச்சரிக்கை என்றால் அதைப் படித்த ஆள் ஆபத்திலிருந்து விலகிப் போக வழி இருக்க வேண்டும். நாயைக் கட்டுவது போர்டைவிடச் சுலபம்.

சின்னப் பிள்ளைகளிடம் போர்டு வேலைக்கே ஆகாது. 1922-இல் கிளாஸ்கோ பூங்காவில் விஷப் பழத்தைத் தின்று 7 வயதுச் சிறுவன் இறந்த வழக்கில், குழந்தையின் கண்ணை இழுக்கும் பொருளை வைத்திருப்பவருக்குக் கூடுதல் பொறுப்பு என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. பழைய தோட்டக் கிணறு, தண்ணீர் நிற்கும் குழி, பழுத்துத் தொங்கும் ரம்புத்தானுக்குக் கீழே மூடாத லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), இவை உங்கள் இடத்தில் இருந்தால் பலகை எழுதுவதை விட்டு மூடியைப் போடுங்கள்.

வாடகைக்கு விட்டாச்சு, இனி நமக்கென்ன என்பதும் பாதிதான் சரி. சட்டம் கிராண்டில் இருக்கும் பெயரை மட்டும் பார்க்காது, இடம் யார் கைவசம் என்று பார்க்கும். வீட்டுக்குள் வாடகைக்காரர் பொறுப்பு என்றாலும், கடை வீட்டின் பொதுப் படிக்கட்டு உங்கள் கைவசம் இருந்தால் அதன் ஆடும் கைப்பிடி உங்கள் தலையில்தான் விடியும். கோயில் நிலம் யார் பெயரில் இருந்தாலும் திருவிழாப் பந்தலுக்கும் வயரிங்குக்கும் அங்கே நின்று நடத்தும் கமிட்டி பதில் சொல்ல வேண்டி வரலாம்.

அடிபட்டவரும் கவனமில்லாமல் நடந்திருந்தால் அந்த அளவுக்கு நஷ்டஈடு குறையும். ஆனால் சம்பவம் நடந்து ஆறு மாதம் ஆச்சு, இனி கேஸ் வராது என்று கணக்குப் போடாதீர்கள். தீபகற்பத்தில் இப்படிப்பட்ட வழக்குத் தொடுக்கப் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. அதனால் பழுது பார்த்த பில்லையும் போட்டோவையும் தூக்கிப் போட வேண்டாம். வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, தீ, வெள்ளத்தோடு வெளியாளுக்கு அடிபட்டாலும் பணம் கொடுக்குமா என்று ஏஜெண்டைக் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.