லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதாதீர்கள்: விமானத்தில் நாம் செய்யும் தவறுகள்

1996 நவம்பர் 23. கடத்தப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து, கொமரோஸ் தீவுக்கருகே கடலில் இறங்கியது. இருந்தவர்கள் 175 பேர், இறந்தவர்கள் 125. விமானம் உடைந்தபோது பிழைத்திருந்தும் வெளியே வர முடியாமல் போனவர்கள் அதில் உண்டு. உள்ளே இருக்கும்போதே லைஃப் ஜாக்கெட்டை ஊதிவிட்டது அதற்கு ஒரு காரணம். தண்ணீர் ஏறியதும், காற்று நிரம்பிய ஜாக்கெட் ஆளைத் தூக்கிக் கூரையோடு ஒட்டிவிடும். வாசலோ தண்ணீருக்கு அடியில். முங்கிப் போகலாம் என்றால் ஜாக்கெட் விடாது.

வாசலை விட்டு வெளியேறும்போதுதான் ஜாக்கெட்டை உப்பவைக்கும் சிவப்புப் பட்டையை இழுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுகிறார்கள். நாம் அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு "ஏறிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருப்போம்.

விமானத்துக்கான விதிகள் பயணி இன்ன மாதிரி நடந்துகொள்வார் என்று ஒரு கணக்கு போட்டுத்தான் எழுதப்படுகின்றன. 44 பேருக்கு மேல் உட்காரும் விமானம் என்றால், எல்லா இருக்கையும் நிரம்பியிருந்தாலும், பாதி வாசல்கள் மட்டுமே திறந்தாலும், இருட்டிலும் 90 விநாடிக்குள் காலியாக வேண்டும். ஏ380 என்ற இரண்டடுக்கு விமானத்துக்கு 2006இல் ஹாம்பர்க்கில் இந்தச் சோதனை நடந்தபோது 873 பேர் 78 விநாடியில் இறங்கிவிட்டார்கள். யாரும் மேலே இருந்த பெட்டியை எடுக்க நிற்கவில்லை. நிஜத்தில் கதை வேறு. 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பிடித்தபோது, உள்ளே எடுத்த வீடியோவில் லேப்டாப்பைத் தேடும் குரல் கேட்கிறது. அதிர்ஷ்டம், உள்ளே இருந்த 300 பேரும் பிழைத்தார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர்தான் உயிரை விட்டார். 2024 ஜனவரியில் டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பெட்டிகளை விட்டுவிட்டு வந்ததுதான் அதில் எல்லோரும் கவனித்த விஷயம். இன்னொன்று: பெட்டியின் கூர்மையான முனை, வாசலிலிருந்து சறுக்கி இறங்கும் காற்றடைத்த ஸ்லைடைக் கிழித்தால் பின்னால் வருபவருக்கு வழியே இல்லை.

அப்புறம் ஆக்சிஜன் மாஸ்க். 2018இல் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றின் இன்ஜின் வெடித்து ஜன்னல் உடைந்தபோது உள்ளே எடுத்த படத்தில், பலர் வாயை மட்டும் மூடியிருந்தார்கள், மூக்கு வெளியே. அது தவறு, இரண்டும் மூடியிருக்க வேண்டும். மாஸ்க்கைக் கீழே இழுத்தால்தான் காற்று வரத் தொடங்கும். மாஸ்க்கோடு தொங்கும் பை உப்பவில்லையே என்று கழற்றிப் பார்க்காதீர்கள், உப்பாமலும் ஆக்சிஜன் வரும். பிள்ளைக்கு முதலில் மாட்டிவிடலாம் என்றுதான் எந்த அம்மாவுக்கும் தோன்றும். ஆனால் 35,000 அடியில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால், மாஸ்க் இல்லாமல் தெளிவாக யோசிக்கும் நிலை அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான் நீடிக்கும். நீங்கள் மயங்கினால் பிள்ளைக்கு மாட்ட ஆள் கிடையாது.

பவர் பேங்க்கை மேலே வைக்கும் பெட்டிக்குள் போடுவது நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்யும் வேலை. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசானில், கிளம்பத் தயாராக நின்ற விமானம் ஒன்றில் மேல்பெட்டியிலிருந்துதான் தீ கிளம்பியது; பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. புகை வரும்போது அது கண்ணெதிரே இருந்தால் பணிக்குழுவைக் கூப்பிடலாம். செக்-இன் லக்கேஜில் போடவே கூடாது. கையில் கொண்டுபோகப் பொதுவான வரம்பு 100 வாட்-மணி (பேட்டரி தேக்கும் ஆற்றலின் அளவு). 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணிதான், தாராளமாகக் கையில் கொண்டுபோகலாம். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் அக்டோபரிலிருந்தும், உள்ளே அதைப் பயன்படுத்திச் சார்ஜ் போட விடுவதில்லை.

சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் 'டக்'கென்று கழற்றும் சத்தம் வரிசையாகக் கேட்கும். 2024 மே மாதம் லண்டன்–சிங்கப்பூர் விமானம் மியான்மர் வானில் குலுங்கியபோது, விளக்கு எரிந்த சில விநாடிகளிலேயே பெல்ட் போடாதவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். உட்கார்ந்திருக்கும் வரை தளர்வாகவாவது போட்டிருங்கள். கழற்றும்போது காரில் போலப் பட்டனைத் தேட வேண்டாம். இதில் மூடியைத் தூக்க வேண்டும். பதற்றத்தில் கை பழகிய இடத்துக்குத்தான் போகும். உட்கார்ந்தவுடன் இரண்டு தடவை தூக்கிப் பாருங்கள், பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தாலும் சரி.