கையில் வாட்ச், நெஞ்சில் பட்டை: இதயத்துடிப்பைச் சரியாக அளப்பது எப்படி?

மெல்லோட்டம் ஓடுகிறவர் இரண்டாவது சுற்றில் வாட்சைப் பார்க்கிறார்: 166. பெரிதாக மூச்சு வாங்கவில்லை, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டுதான் ஓடுகிறார். எண்ணைப் பார்த்த பிறகுதான் நெஞ்சு உண்மையிலேயே படபடக்கிறது. இப்படிப்பட்ட நேரங்களில் அந்த 166 பெரும்பாலும் இதயத்தின் எண் அல்ல, கால்களின் எண். நிமிடத்துக்கு 160 முதல் 170 அடி வைத்து ஓடினால், அடி விழும் தாளத்தில் கை அதிர்வதையே நாடி என்று வாட்ச் எண்ணிவிடும்.

காரணம் எளிது. வாட்சின் அடியில் மின்னுவது பச்சை எல்இடி. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடிக் குழாய்களில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சென்சார் எண்ணுகிறது. வாட்ச் தளர்வாக இருந்து ஆடினால் ஆட்டமும் அதே ஏற்ற இறக்கத்தைத் தரும். நெஞ்சுப் பட்டை வேறு ஜாதி: இதயத்தின் மின்துடிப்பையே தோலிலிருந்து பிடிக்கிறது. அதனால்தான் வேகமாக மாறும் துடிப்புக்கு இன்றும் பட்டைதான் அளவுகோல்.

சந்தேகம் வந்தால் முதல் சோதனை விரல்தான். நின்று, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டில் மறுகையின் இரண்டு விரல்களை வைத்து 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். கட்டைவிரலால் எண்ணக்கூடாது, அதற்கே ஒரு நாடி உண்டு. துடிப்பு ஒழுங்கில்லாமல் வந்தால் 15 நொடி போதாது, முழு 1 நிமிடம் எண்ண வேண்டும். வாட்சுக்கும் விரலுக்கும் 10-க்குள் வித்தியாசம் என்றால் வாட்சை நம்பலாம். 40, 50 என்று விலகினால் கோளாறு கட்டிய விதத்தில் இருக்கிறது.

வாட்ச் கட்டும் இடம்

பெரும்பாலோர் மணிக்கட்டு எலும்பின் மேலேயே, வளையல் மாதிரி தொங்க விடுகிறார்கள். உடற்பயிற்சிக்கு அது ஆகாது. எலும்பிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றி, தோல் லேசாக நகரும் அளவுக்கு இறுக்குங்கள். கழற்றும்போது சென்சாரின் தடம் மெலிதாகத் தெரியலாம், கை மரத்துப்போகக் கூடாது. பயிற்சி முடிந்ததும் ஒரு துளை தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் வியர்வை தேங்கி அரிப்பும் தடிப்பும் வரும். பச்சை குத்திய இடத்தில் மை ஒளியை விழுங்கிவிடும், மறுகைக்கு மாற்றுங்கள். குளிர்ந்த காலையில் கைக்குழாய்கள் சுருங்கி முதல் 10 நிமிட எண் தாறுமாறாக இருக்கும். உடல் சூடேறினால் சரியாகிவிடும்.

எடை தூக்குவது, தண்டால், கயிற்றில் தொங்குவது போன்ற பயிற்சிகளில் மணிக்கட்டு மடங்கித் தசை இறுகுவதால் எந்த விலை வாட்சும் தடுமாறும். அங்கே பட்டை வேண்டும், அல்லது முன்கையிலோ மேற்கையிலோ கட்டும் ஒளிச்சென்சார் பட்டை. பிந்தையது நெஞ்சுப் பட்டையின் இறுக்கம் பிடிக்காதவர்களுக்கு நல்ல நடுவழி.

நெஞ்சுப் பட்டையின் தொல்லைகள்

மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பின் நடுவில் பட்டன் (சென்சார் துண்டு) வரும்படி கட்டுங்கள். ஆழமாக மூச்சிழுத்தால் இழுபடவேண்டும், குனிந்தால் நழுவக்கூடாது. கட்டும் முன் உள்பக்கத்தில் உள்ள மின்முனைகளைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். பலரும் தவறவிடும் படி இதுதான். காய்ந்த தோலில் மின்சாரம் சரியாகக் கடக்காது. வியர்வை வரும்வரை எண் காணாமல் போகும், அல்லது திடீரென்று 220-க்குத் தாவும். பாலியஸ்டர் சட்டை உரசி உண்டாகும் நிலைமின்சாரமும் முதல் சில நிமிடங்களில் இதே விளையாட்டைக் காட்டும். ஏசி போட்ட ஜிம்மில் வியர்க்கவே நேரமாகும் என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஈசிஜி ஜெல் ஒரு துளி போதும். குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெயோ பவுடரோ பூசிய நெஞ்சில் கட்டாதீர்கள், இரண்டும் மின்சாரத்தைத் தடுக்கும்.

முடிந்ததும் சென்சார் துண்டைப் பட்டையிலிருந்து கழற்றி வையுங்கள். ஈரப்பட்டையோடு பூட்டியே வைத்தால், யாரோ அணிந்திருப்பதாக நினைத்து அது வேலை செய்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் வரவேண்டிய பட்டன் பேட்டரி சீக்கிரமே தீரும். பட்டையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு போதும், துணி மென்மையாக்கும் திரவம் கூடாது. உப்புப் படிந்த பட்டை முதலில் எண்களைத் தவறவிடும், பிறகு மொத்தமாகச் செத்துப்போகும். பேட்டரியை மாற்றியும் எண் சரியாக வராவிட்டால் சென்சார் துண்டு அல்ல, பட்டைதான் ஆயுள் முடிந்திருக்கும். பட்டை மட்டும் தனியாகக் கிடைக்கிறது.

இணைப்பில் ஒரு சிறு சங்கதி: பட்டையை போனின் புளூடூத் பட்டியலில் தேடி இணைக்காமல், பயிற்சி ஆப்புக்குள் இருந்தே சேருங்கள். நீச்சலில் புளூடூத் அலை தண்ணீருக்குள் கடக்காது. உள்நினைவகம் உள்ள பட்டை சேமித்து வைத்துக் கரையேறியதும் அனுப்பும், இல்லாதது ஒன்றும் தராது.

மண்டலங்களும் 220-உம்

உழைப்பின் அளவைப் பிரித்து ஆப் காட்டும் வண்ண மண்டலங்கள் எல்லாம் உங்கள் உச்சத் துடிப்பைச் சார்ந்தவை. அதை ஆப் பெரும்பாலும் 220-இல் வயதைக் கழித்துப் போட்டுக்கொள்கிறது. 50 வயதுக்கு 170. 2001-இல் வந்த இன்னொரு சூத்திரம்: 208-இல் வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. அதன்படி 173. இரண்டுமே சராசரிதான். ஒரே வயதுள்ள இருவரின் உண்மையான உச்சம் 20-க்கு மேலும் வேறுபடலாம். அதனால் ஆப் 'சிவப்பு மண்டலம்' என்று கத்தினாலும் நீங்கள் சுகமாகப் பேசிக்கொண்டே ஓடுகிறீர்கள் என்றால், தவறு பெரும்பாலும் சூத்திரத்தில்தான்.

ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துக் கணக்கிடுவது மேல். காலையில் எழுந்து உட்காரும் முன், காபிக்கு முன், ஐந்தாறு நாள் எடுத்துச் சராசரி பாருங்கள். அது 70, உச்சம் 173 என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 'இருப்பு' 103. மிதமான பயிற்சி என்பது இருப்பின் 40 முதல் 59 விழுக்காடு. அதை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 111 முதல் 131. அதற்கு மேலே கடுமையான பயிற்சி. இந்த எண்களை ஆப்பின் அமைப்புகளில் கையால் போட்டுவிடுங்கள்.

மே மாத வெயிலில் இந்தக் கணக்கும் ஆட்டம் காணும். அதே வேகத்தில் 40 நிமிடம் ஓடினால் கடைசியில் துடிப்பு 10, 15 கூடிநிற்கும். தோலைக் குளிரவைக்க ரத்தம் அங்கே திரும்புகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. மண்டலத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

மருந்து சாப்பிடுபவர்களுக்கு

ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் முடிந்தோ வீடு திரும்பியவர்களில் பலருக்கு மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் இருக்கும். ஐவாபிராடின், டில்டியாசம் எடுப்பவர்களும் உண்டு. இவை துடிப்பைக் குறைப்பதற்கென்றே தரப்படுபவை. எவ்வளவு வேகமாக நடந்தாலும் 110-ஐத் தாண்டாமல் இருக்கலாம். மேலே சொன்ன சூத்திரங்கள் இவர்களுக்குப் பொருந்தாது. மண்டலத்தை எட்டவேண்டும் என்று வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. எண் குறைவாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே செய்த டிரெட்மில் டெஸ்டின் அறிக்கையை வைத்து, இதய மருத்துவரே மேல்வரம்பைச் சொல்வதுதான் முறை. அதுவரை பேச்சுச் சோதனை போதும்: முழு வாக்கியம் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று நாமே மதிப்பெண் போடும், 6 முதல் 20 வரையான 'போர்க்' (Borg) உழைப்பு அளவுகோலில் இது 11 முதல் 13 வரை.

எதிர்த்திசையிலும் மருந்து உண்டு: ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் இன்ஹேலர் துடிப்பைக் கூட்டும். தைராய்டு மிகை, ரத்தசோகை, காய்ச்சல் ஆகியவையும் கூட்டும்.

பயிற்சியை நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதையும் குறித்து வாருங்கள். மெதுவாக நடந்தபடி ஆறும்போது 12-க்கு மேல் இறங்காத நிலை பல முறை தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லத் தக்க சேதி.

வாட்ச் எடுக்கும் ஈசிஜி

2018-இல் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4 இதைக் கொண்டுவந்தது. இப்போது வேறு வாட்சுகளிலும், தனிக் கருவிகளிலும் உண்டு. மருத்துவமனை ஈசிஜி 12 கோணங்களில் இதயத்தைப் பார்க்கும், இது ஒரே கோணத்தில் 30 நொடி பார்க்கும்.

உட்கார்ந்து, இரு கைகளையும் மேசையிலோ மடியிலோ வைத்து அசையாமல் இருங்கள். சார்ஜரில் செருகிய போன், லேப்டாப் பக்கத்தில் வேண்டாம், மின்கம்பி இரைச்சல் கோட்டில் மயிர்க்கூச்சம் மாதிரி விழும். எந்தக் கையில் வாட்ச் என்று அமைப்பில் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும், மாறியிருந்தால் அலை தலைகீழாக வரும். மறுகை விரலை மின்முனையில் வையுங்கள், அழுத்தவேண்டாம். பேசக்கூடாது. வறண்ட விரலை லேசாக ஈரமாக்கலாம், சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் துடையுங்கள்.

இது நன்றாகப் பிடிப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பை. மூளைப் பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பதால் பிடிப்பது பயனுள்ளதே. ஆனால் பின்னணியில் வரும் 'ஒழுங்கற்ற துடிப்பு' எச்சரிக்கை நோய் முடிவு அல்ல. 4,19,297 பேர் சேர்ந்த ஆப்பிள் இதய ஆய்வில் எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 விழுக்காடு. அவர்களில் பின்னர் நெஞ்சில் ஒட்டித் தொடர்ந்து பதியும் ஈசிஜி ஒட்டுப்பட்டை அணிந்து திருப்பித் தந்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கே அந்த ஒட்டுப்பட்டையில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவானது. அது வந்து வந்து போகும் தன்மையுடையது என்பதால், மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் அர்த்தமில்லை.

மாரடைப்பை இது பிடிக்காது. 'சைனஸ் ரிதம்' (இயல்பான தாளம்) என்று பச்சையாக வந்தாலும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல் இருந்தால் 30 நொடிகூட வாட்சுக்குச் செலவிடாதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது.

ஓய்வில் வாட்ச் 38 என்று காட்டி, உடம்பு நன்றாக இருந்தால், கூடுதல் துடிப்புகள் காரணமாக இருக்கலாம். இதயம் நிரம்பும் முன்பே துடித்துவிட்டால் அந்த ரத்த அலை மணிக்கட்டை எட்டாது. ஒன்றுவிட்டு ஒன்று அப்படி வந்தால் 76 துடிப்பில் 38-ஐத்தான் ஒளிச்சென்சார் எண்ணும், விரலும் ஏமாறும். அந்த நேரத்தில் வாட்ச் ஈசிஜி எடுத்துவைத்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும். துடிப்பு ஏற்ற இறக்கத்தைக் காட்டும் 'எச்ஆர்வி' எண்ணும் இத்தகையவர்களுக்குப் பொய்யாக உயரும், பொருட்படுத்தவேண்டாம்.

மருத்துவரிடம் மூன்று மாத வண்ண வரைபடங்களை நீட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு தாளில் தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்தது, உணர்ந்தது, எத்தனை நிமிடம், அந்த நேரத்து ஈசிஜியின் பிடிஎஃப் ஆகியவை போதும். படபடப்பு தினமும் வந்தால் 24 அல்லது 48 மணி நேர ஹோல்டர் (உடலில் அணிந்து ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் கருவி) சரி. வாரத்துக்கு ஒருமுறை என்றால் 14 நாள் ஒட்டுப்பட்டை பற்றிக் கேளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை வருவதை ஒரு நாள் ஹோல்டரில் தேடினால் 'நார்மல்' என்ற காகிதம்தான் மிஞ்சும்.

பேஸ்மேக்கரோ ஐசிடியோ (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் திருத்த உடலுக்குள் பொருத்தும் கருவி) உள்ளவர்கள் காந்தமுள்ள வாட்ச், சார்ஜர், போன் எல்லாவற்றையும் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். வாட்சைக் கட்டிய கையை நெஞ்சின்மேல் வைத்துத் தூங்கக்கூடாது. உடல் கொழுப்பை அளக்க மின்சாரம் செலுத்தும் வசதி வாட்சில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஐசிடி எந்தத் துடிப்பில் அதிர்ச்சி கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கு 10 முதல் 20 குறைவாக வாட்சில் எச்சரிக்கை மணியை வையுங்கள். 180 என்றால், 160-இலேயே மணி அடிக்கட்டும்.